சமையல்காரர் கல்லறை

2 நவம்பர் 2025, ஞாயிறு

இன்றைய சுற்றுலா நடையையும் தில்லி முனிர்காவில் என் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் குவிமாடத்தில்தான் முடித்தேன். 'அரண்மனைச் சமையல்காரர் கல்லறை.' ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் கண்கலங்கினார். எனக்குக் கூசியது.

இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன். அது யார் கல்லறை என்று யாருக்கும் தெரியாது. கல்வெட்டு கிடையாது. இரண்டு வருடம் முன்பு, ஜூன் வெயிலில், நடைக்கு வந்த ஒருவர் இது யார் கல்லறை என்று கேட்டார். எங்கள் கம்பெனியில் மேதா மேடம் வைத்த முதல் விதி: கைடு 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. அப்போதுதான் தெருமுனைக் கடையில் எல்லோரும் கொர்மா சாப்பிட்டிருந்தோம். வாயில் வந்தது சமையல்காரர். சுல்தானுக்கு வைத்த விஷத்தை ருசி பார்த்துச் செத்தார் என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

இப்போது கைப்பேசி வரைபடத்திலேயே அந்தப் பெயர் வருகிறது.

3 நவம்பர், திங்கள்

அழகர்சாமி அண்ணன் வந்திருந்தார். மதுரைப் பக்கம், சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல். மார்ச்சில் ஒருமுறை என் நடைக்கு வந்தார். அதிலிருந்து வாராவாரம் விடுமுறை நாளில் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கல்லறை வாசற்படியில் வைக்கிறார்.

"முப்பது வருசமா ஆக்கிப் போடுறேன் தாயி. கோட்டை, கோயிலுன்னு எம்புட்டோ பாத்தாச்சு. எல்லாம் ராசாவுக்கும் சாமிக்கும்தான். நம்ம ஆளுக்குன்னு இங்கதான் ஒருத்தன் கட்டிருக்கான்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

7 நவம்பர், வெள்ளி

மேதா மேடம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். உலக நகரங்களின் சாப்பாட்டையும் பழைய கட்டடங்களையும் சேர்த்து ஒரு புத்தகம் வருகிறதாம். இஸ்தான்புல்லுக்கு அரண்மனைச் சமையற்கட்டும் அதன் புகைபோக்கிகளும். அமிர்தசரஸுக்குப் பொற்கோயிலின் லங்கர் அன்னதானம். தில்லிக்கு என் பொய். படிவத்தில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம், அதன் கீழே என் கையெழுத்து. இருபத்துநான்காம் தேதிக்குள் வேண்டும்.

"மேடம், இதுக்கு ஆதாரமே கிடையாது. நான் சும்மா சொன்னது."

"அரே பூங்கோதை, ஓரல் ட்ரெடிஷன்னு போடு. வாயால சொன்னதுதானே? ஜல்தி குடு. முடியலன்னா வேற வேலை பாத்துக்கோ."

11 நவம்பர்

படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

இருபத்திரண்டு பேர். என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகிறது. யாருடைய வீடியோவிலோ கதையைக் கேட்டுவிட்டு வந்த ஒரு பெண் இடைமறித்தாள்: "விஷம் இருந்தது கீரில்தானே?" ஆமாம், கீரில் என்றேன். அந்தப் பாயசம் என் கதையிலேயே இல்லை.

கையெழுத்துப் போட்டால் பொய் அச்சில் ஏறிவிடும். போடாவிட்டால் வேலை போகும், முனிர்கா அறையும் போகும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் அழகர்சாமி அண்ணன்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் படியில் கைகூப்பி நிற்கிறாரே — அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் நிற்கிறார்.

17 நவம்பர், திங்கள்

சொல்லிட்டேன். அவர் இலையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொர்மா, வெயில், மேடத்தோட விதி — எல்லாம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்ப எட்டு மாசமா யாருக்கும்மா படையல் போட்டேன்?"

தாயின்னு சொல்லலை. இலையை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டார். ஏண்டி சொன்னே? நீ நிம்மதியா இருக்கறதுக்காக அவர் நிம்மதியைக் கெடுத்தியா?

24 நவம்பர், திங்கள்

ஆதாரக் கட்டத்தில் 'இல்லை, இது நான் கட்டிய கதை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மேதா மேடம் படித்துவிட்டு என் அடையாள அட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். அறைக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

அண்ணன் இன்று வரவில்லை.

8 டிசம்பர், திங்கள்

சொந்தமாக நடத்திய முதல் நடை. வந்தது மூன்றே பேர்: மோதி பாக் தமிழ்ப் பள்ளியிலிருந்து விசாலாக்ஷி டீச்சர், டீச்சரின் கணவர், டீச்சரின் தங்கை. கல்லறை வாசலுக்கு வெளியே அழகர்சாமி அண்ணன் நின்றிருந்தார். கையில் இலை இல்லை, தோளில் ஒரு பை. அண்ணன் காதுபடவே டீச்சரிடம் சொன்னேன்: இது யார் கல்லறை என்று தெரியாது, இத்தனை நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சுற்றிப் பார்க்கப் போனதும் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"உள்ள யாரு கிடந்தாலும் கிடக்கட்டும். இம்புட்டுக் கல்லத் தூக்கி வச்சாய்ங்களே, அந்தக் கொத்தனாருக்கெல்லாம் சோறாக்கிப் போட்டது யாரு?"

பழைய வாய் திறந்தது. ஒரு பெயர்கூடத் தயாராக வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல தாயி."

மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார், கூடவே நாலைந்து இலையும் நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் வீட்டாரையும் கூப்பிடச் சொன்னார். பொங்கல் இன்னும் சூடாக இருந்தது.