குவார்ட்டர்பேக் பார்க்கப் போனோம்

அபுதாபி
27 டிசம்பர் 2025

அன்புள்ள ராஜீவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை மஹதியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுவாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வழியில்லை, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக்குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. எதிர் ஃபிளாட் ஹபீபுன்னிசாவின் மருமகன் ராஜிக் கம்பெனி டிரெய்னிங்குக்கு உன் ஊர்ப்பக்கம் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பையன், உட்காருவான், அவனுக்கு டீ போட்டுக் கொடு.

நீ அப்பாவோடு பேசி இன்றோடு இருபத்து நாலு நாள் ஆகிறது. கடைசியாக ஃபோனில், அப்பா, என் கெரியரையே காலி பண்ணிட்டீங்க, இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்க என்று கத்தினாய். ஸ்பீக்கரில் இருந்ததால் மஹதியும் கேட்டாள். அவர் சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு பாதியாகிவிட்டது, பி.பி. மாத்திரை ஒன்று ஒன்றரை ஆகிவிட்டது, மிச்ச நேரத்தில் யூடியூபில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிறார். நாலு சான்ஸுக்குள்ள பத்து கஜம் போகணுமாம் பத்மா, இல்லேன்னா பந்தைக் குடுத்துடணுமாம் என்று எனக்கு விளக்குகிறார். உன் தொழில் என்னவென்று தெரிந்துகொண்டால் நீ ஏன் கோபப்பட்டாய் என்பதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார் போலும். எனக்கு அவ்வளவு சிரமம் இல்லை, நீ சொன்னதைக் கேட்டே புரிந்துகொண்டேன். புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது புள்ளியியல் படிக்க. படித்துவிட்டு ஒரு கல்லூரியின் ஃபுட்பால் ஆபீசில் சேர்ந்தாய். பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையால்தான் எறிவார்கள் என்று நீ சொன்ன அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். அந்தப் பந்தை எறிகிற முக்கியமான பையன்தான் குவார்ட்டர்பேக், பதினேழு வயதில் அப்படியொருவனைக் கண்டுபிடித்து, விலை பேசி, கையெழுத்து வாங்குவது உன் வேலை. நாமெல்லாம் படிப்பதற்காகக் கல்லூரிக்குப் பணம் கட்டினோம். நீங்கள் பையனுக்கு வருடம் ஆறு லட்சம் டாலர் கட்டி அவனைக் கல்லூரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறீர்கள். அவன் படிப்பானா என்று கேட்டேன். அம்மா, அது இப்ப முக்கியமில்லை என்றாய். கல்லூரியில் வேலை பார்க்கிறவன் வாயிலிருந்து அதைக் கேட்டதில் பத்தொன்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்தியவளுக்கு உண்டான ஆனந்தத்தைத் தனியாக எழுதுகிறேன். அப்பாவுக்கோ உண்மையிலேயே பெருமை. முசஃபா தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருடம் மேன்பவர் கம்பெனியில் ஆள் எடுத்தவர் அல்லவா, பாத்தியா பத்மா, பையன் நம்ம லைனுக்கே வந்துட்டான், அதுவும் ஏசி ரூம்ல உக்காந்து என்று எல்லோரிடமும் சொன்னார்.

நவம்பரில் நீ ஃபோன் செய்து, கலீஃபா சிட்டியில் விஜயபாஸ்கர் என்று ஒரு என்ஜினீயர் இருக்கிறார், ஹூஸ்டனில் பதினாலு வருடம் இருந்துவிட்டு வந்த தமிழ்க் குடும்பம், பையன் பிரணவ் இப்போது அபுதாபி அமெரிக்கன் ஸ்கூலில் குவார்ட்டர்பேக், நாலு கல்லூரி போட்டி போடுகிறது, நீங்க சும்மா ஃபேமிலி ஃபிரெண்ட்ஸ் மாதிரி ஒரு தடவை போய்ட்டு வாங்க, நம்ம காலேஜ்னா ஒரு வீட்டு ஃபீல் வரணும் என்றாய். போனோம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. வெள்ளித்தட்டில் ஆப்பிள், மாதுளை, வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம், அரை கிலோ மைசூர்பாகு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பையனின் அம்மா அருணா கதவைத் திறந்ததும் தட்டைப் பார்த்துவிட்டு, என்ன ஆன்ட்டி, பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கே, எங்க வீட்ல பையன்தான் இருக்கான் என்று சிரித்தாள். பிறகு நடந்ததும் அதுதான். பையனைக் கூப்பிட்டார்கள், வந்தான், எங்கள் எதிரில் நின்றான். பெண் பார்க்கப் போனால் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். இங்கே அப்பா பாக்கெட்டிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, தம்பி, கையை நல்லா விரிச்சுக் காட்டு என்றார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துச் சொல்லும்படி நீ கேட்டிருந்தாயாம், கை பெரிதாக இருந்தால்தான் பந்து நழுவாதாம். யாருக்கும் தெரியாமல் என்பதை அப்பா மறந்துவிட்டார். ஒன்பதே முக்கால் இன்ச். பையன் வெட்கப்பட்டுக்கொண்டே விரித்தான். நல்ல பிள்ளை. கை மட்டும்தான் பெரியது, முகத்தில் இன்னும் பரு போகவில்லை.

மூன்றாம் நாள் உன் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது நினைவிருக்கிறதா? விதிமுறைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். ஆட்டக்காரன் வீட்டுக்கு ஊழியரின் குடும்பத்தார் பரிசுப்பொருள் கொண்டுபோனது குற்றமாம். இனிப்பின் வகை, எடை, சந்தை மதிப்பு, யார் யார் சாப்பிட்டார்கள் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். பையன் இரண்டு துண்டு சாப்பிட்டான் என்பதையும் மறைக்கவில்லை. அந்த இரண்டு துண்டின் விலையை அவன் ஏதாவது தர்மத்துக்குக் கட்டி ரசீது காட்ட வேண்டும் என்று உத்தரவாகி, பாவம், ஒன்பது திர்ஹம் கட்டி ரசீது அனுப்பினான். ஆறு லட்சம் டாலர் ஒழுங்கு, மைசூர்பாகு லஞ்சம். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை ராஜீவ், இத்தனை கண்டிப்பான இடத்தில் என் பிள்ளை வேலை பார்க்கிறான் என்று ஹபீபுன்னிசாவிடம்கூடச் சொன்னேன். அவள் சிரித்து அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இனி நீ கோபப்பட்ட விஷயம். நவம்பர் கடைசியில் உங்கள் ஒப்பந்தம் அவர்களுக்கு வந்தது. முப்பத்தொரு பக்கம். நீ வீடியோவில் வந்து, அங்கிள், இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கடைசிப் பக்கத்துல மட்டும் சைன் பண்ணுங்க என்று சொன்னாயாம். விஜயபாஸ்கர் நல்லவர், பேனாவை எடுத்துவிட்டார். அருணாதான், டீச்சர் ஒருத்தங்க இருக்காங்களே, ஒரு தடவை படிச்சுடட்டும் என்று தடுத்திருக்கிறாள். படித்ததில் பதினோராவது பிரிவு இருந்தது. பையன் இரண்டு வருடத்துக்குள் வேறு கல்லூரிக்குப் போனால் வாங்கியதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். கல்லூரி அவனை வேண்டாம் என்று சொல்ல முப்பது நாள் நோட்டீஸ் போதும். ஆட்டத்தில் அடிபட்டு எறிகிற தோள் போனால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. முன்னொரு காலத்தில் அப்பாவின் கம்பெனி வெல்டர்களிடம் வாங்கிய பேப்பரில் இதே வரிகள் இருந்தன, இங்கிலீஷ் மட்டும் இதைவிடச் சுமார். இங்கே அரசாங்கமே அதையெல்லாம் கூடாது என்று நிறுத்திப் பல வருடமாகிறது. நீங்கள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். பிரணவ் ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆன்ட்டி, கோச்சை நம்பித்தான் நான் போறேன், அவர் போயிட்டா நானும் ஃப்ரீயா போலாமா என்றான். போக முடியாது கண்ணா, அவர் போகலாம், நீ போக முடியாது என்று பதில் சொல்லப்பட்டது. பையன் தன் அப்பாவைப் பார்த்தான், விஜயபாஸ்கர் பேனாவை மூடினார், அவ்வளவுதான். இந்த மாதம் மூன்றாம் தேதி, ஆட்டக்காரப் பையன்களெல்லாம் கல்லூரிகளுக்குக் கையெழுத்துப் போடுகிற நாளில், அவன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, நீயும் உன் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாய். பத்தாம் தேதி உங்கள் கோச் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார் என்று செய்தியில் படித்தேன். அவர் யாருக்கும் எதையும் திருப்பித் தரவில்லையாம். புதுக் கோச் உன்னை வைத்துக்கொள்வாரா என்ற கவலை உனக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது, என்ன பேசினாலும் நீ என் பிள்ளை.

ஆனால் ஒன்று. ஒப்பந்தம் என்றால் அப்பாவுக்குத்தான் தெரியும், அவர்தான் உள்ளே புகுந்து கெடுத்தார் என்று நீயாகவே முடிவு செய்தாய், அவரும் மறுக்கவில்லை. அன்று அப்பா அந்த வீட்டுக்கு வரவே இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்க கிளினிக்குக்குப் போயிருந்தார். முப்பத்தொரு பக்கத்தையும் படித்தவள் நான், அந்தப் பையனுக்குப் பதில் சொன்னவள் நான், கையெழுத்துப் போடாதீர்கள் என்று விஜயபாஸ்கரிடம் சொன்னவளும் நான். உன் ஃபோன் வந்த மறுநிமிடமே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர்தான் விடவில்லை. என்மேல கோவம்னா ஒரு வாரத்துல மறந்துடுவான், உன்மேலன்னா மனசுலயே வச்சுப்பான், விடு என்றார். ஒரு வாரம் என்று கணக்குப் போட்டவருக்கு நாலாவது வாரம் நடக்கிறது. இன்று காலையில், நான்தான் அங்க போனேன்னே வச்சுக்கோயேன், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். இருபத்தாறு வருடம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கையெழுத்து வாங்கியவர் அதைச் சொல்ல எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று நீயே யோசி.

கோபத்தை விடச் சொல்லி இதை எழுதவில்லை. ஆளை மாற்றச் சொல்லி எழுதுகிறேன். என்மேல் வைத்துக்கொள், வருடக்கணக்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள், நாற்பது பிள்ளைகளின் முறைப்பை ஒரே நேரத்தில் தாங்கியவள், தாங்குவேன். அவரால் முடியவில்லை.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், திடமான உடம்பும், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கங்களையும் படிக்கிற பொறுமையும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வை. இது கைக்கு வந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, அப்பாவின் நம்பருக்கே கூப்பிடு. நான் கடைக்குப் போய்விடுவேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பத்மா