குழாயைத் தேய்த்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் சௌக்கியம், என் முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு பதில் வரும். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். சலவைக்கூடத்தை மூடிவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில், முதலில் நடந்ததைக் கேள்.

பாய்லர் ஓட்டையான பிறகு ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள், படுக்கை விரிப்புகளை எழுபத்தைந்து டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் வெளுக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று. அந்த வேலை போனால் நம்மிடம் இருக்கும் ஆறு பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் வெயிலிலேயே வெந்நீர் வைக்கலாம் என்று நீ வரைந்து அனுப்பிய படத்தை வெல்டரிடம் கொடுத்தேன். மனிதர் தகரத்தைத் தூளி மாதிரி வளைத்து, உள்ளே கண்ணாடித் தகடு ஒட்டி, நடுவில் நீளக் குழாய் மாட்டி மொட்டை மாடியில் நிறுத்திவிட்டார். நாங்களும் அதைத் தூளி என்றே கூப்பிடுகிறோம். அகலமாக விழுகிற வெயில் எல்லாம் வளைவில் பட்டுத் திரும்பி அந்த ஒற்றைக் குழாயில் வந்து குவிகிறது, உள்ளே மெதுவாக ஓடுகிற தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே டிரம்முக்கு வருகிறது. சூரியன் நகர நகரக் கைப்பிடியைச் சுற்றித் தூளியைத் திருப்ப வேண்டும், அது உன் அப்பா வேலை. உன்னைக்கூட அவர் இவ்வளவு பொறுப்பாக ஆட்டியதில்லை. திங்கட்கிழமை சோதித்தபோது எழுபத்தெட்டு டிகிரி.

செவ்வாய்க்கிழமை கண்ணாடியைத் துடைக்க மேலே போனேன். குழாய் கன்னங்கரேலென்று இருந்தது. முப்பது வருஷமாக வெளுக்கிற கை, சும்மா இருக்குமா? மறுநாள் ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் வருகிறார், இந்தக் கோலத்திலா பார்ப்பார் என்று உப்புத்தாளை எடுத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. புதன்கிழமை அவர் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் நாற்பத்தாறு. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வருகிறேன், அதோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா வெயிலைக் குறை சொன்னார், நான் வெல்டரைப் பிடித்து வளைவு கோணல் என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். சாயங்காலம் உன் படத்தை மறுபடி விரித்தால் ஓரத்தில் உன் எழுத்து. கறுப்புதான் வெயிலை விழுங்கும், பளபளப்பு திருப்பி அனுப்பிவிடும், குழாயில் மட்டும் கை வைக்காதே அம்மா என்று. வெட்கமாகப் போய்விட்டது. வெல்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே வண்டி சைலன்சருக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டை நீட்டினார். நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று நேற்று ஏறி இரண்டு பூச்சு அடித்தேன். உன் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தார்.

இன்று வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து நான் கைப்பிடியை யாரிடமும் விடவில்லை. நடுப்பகலில் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார், எண்பத்தொன்று. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார், அதுவே. அப்புறம் என் கையைப் பார்த்துவிட்டு, "துணி வெளுக்கிறவங்க கை இப்படி அழுக்கா இருக்கலாமாம்மா" என்றார். "அழுக்கு இல்ல சார், அதுதான் வெந்நீர் வைக்குது" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், நாளைக்கே இருநூறு விரிப்பு வருகிறது. மழை நாளுக்குப் பாய்லரை ஒட்டவைக்கச் சொல்லியிருக்கிறேன், வெல்டர் இரண்டாவது தூளிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே மகளே, கூடத்தை மூடுவதாக இல்லை. நீங்கள் இருவரும் லீவு போட்டு வந்து பாருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போடு. இருவரும் நல்லபடியாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. காகித ஓரத்தில் கறுப்பாக இருப்பது என் கட்டைவிரல். சோப்புக்கு நடுவிலேதான் உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கு ஒருநாள் கழுவ மனசு வரவில்லை.

கறுத்த கையோடு,
அம்மா