அப்பா காருக்கு எண்ணெய் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

சின்னக்கானல்,
11.6.1975

அன்பு மகன் பெரியமுத்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், காரும் இப்போது நலம். ஜாம்ஷெட்பூரில் வெயில் உன்னை எந்த மட்டில் வைத்திருக்கிறது என்று எழுது. இங்கே சாரல் பிடித்துவிட்டது, துணி காய்வதில்லை, மற்றபடி குறையில்லை.

உன் தங்கை ஞானஜோதிக்குப் பள்ளிவாசல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும் முன் போய்ச் சேரவேண்டும், தவறினால் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும் என்று ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பஸ்காரர்கள் வேலையை நிறுத்திச் சமரம் செய்வதால் ஒரு வண்டியும் ஓடவில்லை. பொட்டப்பிள்ள ஒத்தையில அங்க போயி என்னத்தச் சாதிக்கப்போறா என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்த உன் அப்பா, கடைசியில் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இறங்கி வந்தார். இறங்கியவர் அத்துடன் நின்றிருக்கலாம். அவ்வளவு தூரம் போகுமுன் எஞ்சின் எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும் என்று ஞாயிறு காலை காருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார்.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் அதை அடைத்திருக்கும் போல்ட்டு ஒன்று உண்டு. அது அசையவில்லையாம். ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி இழுத்தார். டக்கென்று சத்தம் கேட்டது, அதன்பின் போல்ட்டு எந்தப் பக்கம் திருக்கினாலும் சும்மா சுற்றியது. போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் திருகுவரியாகிய மரை முழுவதும் போய்விட்டது, எண்ணெய் முழுவதும் சாக்கில். தேயிலை ஃபாக்டரியில் ஆவிக் குழாய்க்குச் செய்வதுபோல் போல்ட்டில் சணல் சுற்றிச் சோப்புத் தடவி அடைத்துப் பார்த்தார். ஊற்றிய எண்ணெய் ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்தது. பிறகு வொர்க்‌ஷாப் சுடலையை வரவழைத்தோம். போல்ட்டுக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டான். துரு என்றார் அப்பா. சுடலை பளபளவென்றிருந்த போல்ட்டைத் திருப்பிப் பார்த்து, ஆமா, நல்ல முத்துன துருதான் என்று சிரிக்காமல் சொன்னான். மரை வெட்டுகிற டேப்பையும் ஒரு அளவு பெரிய போல்ட்டையும் வைத்துவிட்டு, கோவில் கூட்டம் இருக்கிறது என்று போனான்.

உன் தங்கையும் அந்தப் போல்ட்டை எடுத்துப் பார்த்தாள். துரு இல்லை என்று டீச்சர் வேலைக்குப் படித்தவளுக்குத் தெரியாதா. நான் போகக்கூடாதுன்னுதான இதச் செஞ்சீங்க என்று கேட்டுவிட்டுத் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். அப்பா மறுபடியும் காருக்கு அடியில் நுழைந்துவிட்டார். முப்பது வருஷமாக அவரோடு வாழ்கிறேன், இப்படித் திட்டம் போட்டுக் காரியம் செய்ய அவரால் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவருக்கு அதுவும் அவமானம் என்பதால் சும்மா இருந்தேன். அவர் டேப்பில் கிரீஸை அப்பி, இரும்புத் தூள் உள்ளே விழாமல் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்ட ஆரம்பித்தார். நடுவில் நிறுத்திவிட்டுக் காருக்கு அடியிலிருந்தே பேசினார். வேணும்னு செய்யல தாயி, நம்ம இலை உருட்டுற மெஷின்ல அந்தப் பெரிய போல்ட்டு எதிர்மரைல்லா, முறுக்குற பக்கம் திருக்குனாத்தான் கழலும், அதே நெனப்புல கழட்டுறதுக்குப் பதிலா முறுக்கிட்டேன் என்றார். ஃபாக்டரியில் மெஷின் மேஸ்திரியாக இருந்தவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவதற்கு மரை வெட்டுவதைவிட அதிக நேரம் பிடித்தது. ஞானஜோதி புடவையைச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தாள். அதற்குப் பிறகு, இந்தப் பக்கந்தானே தாயி, ஆமாப்பா என்கிற பேச்சு மட்டும் கேட்டது. செப்பு வளையம் வைத்து முடுக்கி, எண்ணெய் ஊற்றினார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மணியடிக்கும் முன்பே சேர்ந்துவிட்டாள். புடவைக் கரையில் என்ன கறை என்று தலைமையாசிரியை கேட்டாராம். எங்கப்பா காரில் ஒரு போல்ட்டு துருப்பிடித்துவிட்டது என்று சொன்னாளாம். அப்பா இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, உலைப் பக்கம் கவனமாக நில். எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். மரை வெட்டியது எப்படி என்று அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நாலு பக்கம் பதில் வரும். எந்தப் பக்கம் திருக்கினீர்கள் என்று மட்டும் கேட்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சாந்தம்மாள்