வேன் கண்ணாடியில் ஒரு வட்டம்

சிபோனெலோவுக்கு,

நேற்றுக் காலை நம் டாக்ஸி வேன் ஒன்றின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் வட்டம் போட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். தூரத்திலிருந்து சுடுகிறவன் துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண் வைத்தால் தெரிவது அதுதான். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வட்டம் என் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. உன் உயரத்துக்குத்தான் சரியாக வரும்.

டர்பன் தடத்தில் சங்கத்தைக் கேட்காமல் ஆள் ஏற்றாதே என்று எத்தனை முறை சொன்னேன்.

டாக்ஸி சங்கத் தலைவர் மபாசோவிடம் போனேன்.

“சின்னப் பசங்க கிறுக்கினதுக்கா இப்படிப் பதறுறீங்கம்மா?”

“எந்தச் சின்னப் பையனுக்குய்யா அவ்ளோ உயரம் எட்டும்?”

சிரித்தார். “அதுவும் சரிதான். சாவுச் செலவுக்குன்னு இருக்குற ஈமச் சங்கத்துக்குச் சந்தா ஒழுங்கா கட்டுறீங்கல்ல? பையன் பேரும் அதுல இருக்கா?”

பக்கத்தில் நின்ற வேன்காரர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் நான் வாயாடவில்லை, பேரம் பேசினேன்.

டயர் வாங்க நீ ஜோகன்னஸ்பர்க் போயிருந்தது நல்லதாயிற்று. அங்கே சித்தி வீட்டிலேயே இரு. ஈஸ்டருக்கும் வராதே.

முடிந்த பேரம் இது: டர்பன் தடமும் நம் இரண்டு வேன்களும் அவர்களுக்கு. நீ இனி நம் ஊர் எஷோவே டாக்ஸி ஸ்டாண்டில் கால் வைப்பதில்லை. உன்னை விட்டுவிடுவார்கள்.

உன் அம்மா