மூன்றாவது வண்டியை வாங்கு

தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான்கு வருடம் கழித்து உன் கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு இரண்டு வரி, புல் வெட்டும் வண்டி இரண்டு பக்கம். குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் அதுதான் வசதி. முதலில் அம்மா மூலமாகக் கேட்டுப் பார்த்தாயாம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்பெட்டியா? நீயே எழுதிக் கேளுன்னுட்டேன்" என்றாள்.

நீ அனுப்பிய மூன்று விளம்பரத் தாள்களையும் படித்தேன். ஆஸ்பத்திரி வளாகம் பதினான்கு ஏக்கர். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட வேண்டும். சிவப்பு வண்டியை முதலில் தள்ளிவை. அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் புல் வெட்டும் வீட்டுக்காரர்களுக்கு. கியர் பெட்டியைத் திறந்து எண்ணெய் மாற்றக்கூட வழியில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் படுத்துவிடும். கடைக்காரர் அதைத்தான் வாய் ஓயாமல் புகழ்வார். விற்காமல் தேங்கிக் கிடப்பது அதுவாக இருக்கும்.

இரண்டாவது, இரண்டு கைப்பிடி வைத்து, நின்ற இடத்திலேயே திரும்புவது. சமதரையில் அதை மிஞ்ச ஆளில்லை. பிரசவ வார்டுக்குப் பின்னால் உள்ள சரிவில், புல் ஈரமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். நிர்வாக அதிகாரிக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்கிறாய். அவர் அந்தச் சரிவை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்.

மூன்றாவதை வாங்கு. ஸ்டியரிங் வைத்தது, மெதுவாகப் போகும், பார்க்க எருமை மாதிரி இருக்கும். ஆனால் பிளேடுகளை மூடியிருக்கும் தகடு தடிமனானது. கல் பட்டாலும் நெளியாது. சலவைக்கூடத்து மரங்களுக்கு நடுவே நுழையுமா என்று மட்டும் அளந்து பார். கையெழுத்துப் போடும் முன் வண்டியைச் சரிவுக்கே கொண்டுவரச் சொல்லி, கடைக்காரரையே ஓட்டச் சொல். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் தோட்ட மேற்பார்வைக்கான தற்காலிகப் பொறுப்பும் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் தற்காலிகம்தானா? எனக்குத் தெரியாது. என் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். நான் கால் கட்டோடு படுத்திருந்தபோதே அதை ஏற்றுக்கொண்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்றும் ஆறவில்லை, ஆறும் என்று உனக்குச் சமாதானமும் சொல்லமாட்டேன்.

உன்னை நிரந்தரமாக்காததற்குக் காரணம் கோப்பிலுள்ள ஒரு வரி என்கிறாய்: சீட்டுச் சுவிட்சைக் கட்டியவர் யாரென்று தெரியவில்லை; வண்டிப் பராமரிப்பு அப்போது உன் பொறுப்பு. அந்த வரி விசாரணையில் நான் சொன்ன பதிலிலிருந்து வந்தது.

ஓட்டுபவர் எழுந்தால் இன்ஜின் நிற்கத்தான் சீட்டுக்கடியில் அந்தச் சுவிட்ச். சரிவில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நின்று உயிரை வாங்கியது. மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். சுவிட்ச் அமுங்கியே இருக்கும்படி கம்பியால் கட்டினேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். "அண்ணா, அவிழ்த்துடு, வம்பாயிடும்" என்றாய். "எனக்குப் பாடம் எடுக்காதே, போய் வேலையைப் பார்" என்றேன். ஒரு மணி நேரத்தில், புல்லில் கிடந்த ரப்பர் குழாயை இழுக்க இறங்கினேன். வண்டி நிற்கவில்லை. இடது காலில் மூன்று விரல் போனது.

யார் கட்டியது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். உன்னைக் கேட்டபோது நீயும் பார்க்கவில்லை என்றாய். என் ஓய்வூதியம் தப்பியது. அந்தப் பதிலுக்காக உனக்கு நன்றி சொல்லவேண்டியிருந்ததால்தான் உன்மேல் இன்னும் கோபமாக இருந்தேனோ என்று சில நாள் தோன்றும். அதை ஆராய்ந்து பயனில்லை.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. கட்டியவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிர்வாக அதிகாரியின் மேசையில் வைக்காதே, தொலைத்துவிடுவார். பதிவேட்டில் ஏற்றி எண் வாங்கிக்கொள். ஓய்வூதியத்தில் கைவைத்தால் வைக்கட்டும். அதைப் பற்றி எனக்கு எழுதாதே. நிரந்தர ஆணை வந்தால் அம்மாவிடம் சொல், போதும்.

புல் காய்ந்த பிறகு வண்டியில் ஏறு. சரிவில் குறுக்கே ஓட்டாதே, மேலும் கீழுமாக ஓட்டு. அவசரம் என்று யார் வந்து நின்றாலும், மெதுவாகவே ஓட்டு.

அண்ணன்