சத்தமில்லாத காட்சி

ஆவணி 12, வியாழன்

சனிக்கிழமை கதை வாசிப்பு. ஞாயிறு மாலை திருத்தங்கல் பள்ளித் திடலில் என் குறும்படம். இந்தப் பட்டாசு ஊரில் தங்கி எழுத வந்தபின் நான் நடத்தும் முதல் நிகழ்ச்சிகள். இரண்டும் நன்றாகவே நடக்கும்.

இன்று மாலை, அழைப்பிதழ் அச்சடித்துத் தந்த அச்சக முதலாளி செல்வி அக்காவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பட்டாசு ஆலை வெடிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இந்தச் சத்தத்தத் திடல்ல வச்சீகன்னா, எந்தக் கம்பெனில வெடிச்சுச்சுன்னு கேட்டுக்கிட்டு ஊரே ரோட்டுக்கு ஓடியாந்துரும். படத்த யாரு பாப்பாக?”

அந்தச் சத்தத்துக்காகவே ஒரு மாதம் உழைத்தேன் என்று எரிந்து விழுந்தேன். அவர் நாரணாபுரத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் தங்கையைக் கைபேசியில் அழைத்தார்.

“வேல விட்டு வந்துட்டியாடி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

காட்சியை வெட்டமாட்டேன். சத்தமில்லாமல் ஓடட்டும். திடலில் இருப்பவர்களுக்கு அது கேட்கும்.