கவுண்டரில் நான் சொன்ன பதில்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நாங்கள் மூவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதி, போனில் படமெடுத்து அனுப்புகிறேன்.

பதறாதீர்கள், சின்ன விஷயம்தான். விமான நிலையத்தில் விசா பார்க்கும் அதிகாரி மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணைப் போனில் பேச வைத்தார்.

"எதுக்கும்மா வந்திருக்கீங்க?" என்றாள்.

மகள் டாக்டர்கள் மாநாட்டில் பேசுகிறாள், கைக்குழந்தையோடு இருக்க நானும் கூட வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் ரோஷக்காரி ஆயிற்றே!

"ஊர் சுத்தவா வருவேன்? வேலைக்கு வந்திருக்கேன்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டேன்.

சுற்றிப்பார்க்கும் விசாவில் வந்தவள் அப்படிச் சொல்லக் கூடாதாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாளைக் காலை விசாரணைக்குப் போக வேண்டும்.

"உன்னைத் திருப்பி அனுப்பினா நானும் வந்துடறேம்மா, மாநாடு கிடக்கட்டும்" என்கிறாள் மகள். அவள் மேடை ஏறுவதை என் வாய் கெடுத்துவிடுமோ?

எதிர்வீட்டம்மாவும் மகனோடு மாநாட்டுக்குக் கிளம்புகிறாளே, அவளிடம் சொல்லுங்கள்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அழைப்புக் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். என் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஆயுசுக்கும் சிரிப்பாள்.

"பேத்தியோட இருக்கத்தாங்க வந்தேன், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். அதிகாரி முகத்தை நினைத்தால் மறுபடி 'வேலை' என்றே வாயில் வருகிறது. நாளைக்குப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். சார்ஜ் போட மறக்காதீர்கள்.

குழந்தை எழுந்துவிட்டாள். எனக்கு வேலை வந்துவிட்டது. இல்லையில்லை, சும்மா தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறேன்.